கோட்டை: ஒரு சொல், பல பொருள்

'கோட்டை' என்ற சொல்லின் முதற்பொருள் காவல் அரண். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி இதற்குத் தலைசிறந்த சான்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் ஒரே மதில் இணைத்து வளைத்திருக்கிறது. உள்ளே களஞ்சியம், குதிரை லாயம், சுனைகள், கல்யாண மகால் எல்லாம் உண்டு. நெல்லும் நீரும் கைவசம் இருந்ததாலும் 1690 முதல் 1698 வரை முகலாயரின் முற்றுகையை இக்கோட்டை தாங்கியது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

அரணைச் சுற்றி எழுந்த ஊர்களுக்கும் கோட்டை என்பதே பெயரில் ஒட்டிக்கொண்டது: புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, பாளையங்கோட்டை. கொழும்பில் மதிலின் பெரும்பகுதியை ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டனர். ஆனாலும் அந்தப் பகுதியும் ரயில் நிலையமும் இன்றும் 'கோட்டை'தான்.

செஞ்சிக்காரர் 'கோட்டைக்குப் போகிறேன்' என்றால் மலையேறப் போகிறார். சென்னையில் அதே பேச்சுக்குத் தலைமைச் செயலகம் என்று பொருள். சட்டமன்றமும் செயலகமும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இயங்குவதால், அரசுக்கே கோட்டை என்ற பெயர் வந்துவிட்டது. தேர்தல் காலத்தில் ஒரு கட்சி தொடர்ந்து வெல்லும் தொகுதியும் அக்கட்சியின் கோட்டை ஆகிவிடுகிறது.

வயலில் இச்சொல்லுக்கு வேறு வாழ்வு உண்டு. வைக்கோல் பிரியை வட்டமாகச் சுற்றி, நடுவே விதைநெல்லைக் கொட்டி, இறுகக் கட்டிச் சாணம் மெழுகி வைப்பது விதைக்கோட்டை. பூச்சியும் ஈரமும் அண்டாமல் அடுத்த பட்டம்வரை விதையைக் காப்பது அது. திருநெல்வேலிப் பக்கத்தில் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. அவ்வளவு விதை தேவைப்படும் நிலம் 'ஒரு கோட்டை விதைப்பாடு'.

நிலவைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்தையும் 'கோட்டை கட்டியிருக்கிறது' என்பார்கள். உயரத்து மேகங்களின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் உண்டாவது அது. அதைப் பார்த்து மழை வருமா என்று கணிப்பது உழவர் வழக்கம்.

காவல், சேமிப்பு, வட்டம் ஆகிய மூன்றிலும் வளைத்துச் சூழ்வது என்ற கருத்து பொதுவாக இருக்கிறது. மரபுத்தொடர்களிலும் இச்சொல் வருகிறது. நடக்காததை எண்ணி மகிழ்வது மனக்கோட்டை கட்டுவது. கைக்கு வந்ததைக் கவனக்குறைவால் இழப்பது கோட்டை விடுவது.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் வந்த பிறகு நெல்லளவாகக் கோட்டையைச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் நினைவில் இருக்கும்போதே இத்தகைய வழக்குகளைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.