அயல்நாட்டு வேலையும் அரசின் அனுமதியும்

பிழைப்பைத் தேடி மனிதன் ஊர் விட்டு ஊர் செல்வது தொன்றுதொட்டு நிகழ்ந்து வருவதாகும். திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் மும்பைக்கு வேலைக்குப் புறப்பட்டால், அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரயில் சீட்டு ஒன்று இருந்தால் போதும். ஆனால் பத்தாம் வகுப்பில் தேறாத அதே மனிதர் குவைத்துக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் புறப்பட்டால், கடவுச்சீட்டும் அயல்நாட்டு விசாவும் கையில் இருந்தாலும் போதாது. நம் அரசின் 'குடிபெயர்வு அனுமதி' ஒன்றையும் அவர் பெற்றாக வேண்டும். அஃதில்லையேல் விமான நிலையத்தில் அவர் தடுத்து நிறுத்தப்படலாம்.

சுதந்திர நாட்டின் குடிமகன், தன் உழைப்பை விற்கத் தானே போகிறான்; அவனுக்கு எதற்கு இன்னொரு அனுமதி? இது அவன் காலில் இட்ட தளையா, அல்லது தலைக்குமேல் பிடித்த குடையா? மாணவர்களாகிய நீங்கள் நாளை அயல்நாடு செல்லக்கூடும். அல்லது செல்லும் ஒருவருக்கு விண்ணப்பம் எழுதித் தரக்கூடும். ஆகவே இக்கேள்விக்கு விடை தெரிந்து வைத்திருப்பது நலம்.

விடையைத் தேடச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் பார்வை இந்தியாவின் மேல் விழுந்தது. ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு ஏழை மக்களைக் கப்பலேற்றும் வழக்கம் தொடங்கியது. மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்ற கூக்குரல் எழவே, 1837இல் ஒரு சட்டம் வந்தது. கப்பலேறுமுன் தொழிலாளியும் ஆள்சேர்ப்பவரும் ஓர் அதிகாரியின் முன் நிற்க வேண்டும். ஒப்பந்தத்தின் விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. 1842இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய துறைமுகங்களில் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்னும் அதிகாரியை அமர்த்தச் சட்டம் இடம் தந்தது. சென்னையில் இன்றும் அப்பெயர் தாங்கிய அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. பெயருக்கு நூற்றெண்பது ஆண்டுக்கு மேல் வயதாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெயர் பாதுகாவலர் என்றிருந்தாலும், அக்காலத்தில் பாதுகாப்பு எவ்வளவு கிடைத்தது? 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னையிலிருந்து 'டுருரோ' என்னும் கப்பல் 342 பேருடன் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலில் முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல் என்பது ஒப்பந்த ஊதியம். அங்கும் பாதுகாவலர் என்ற பெயரில் ஓர் அதிகாரி இருந்தார். ஆயினும் 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, கிழிந்த ஆடையுடன் காந்தியடிகளின் முன்னால் அழுதுகொண்டு நிற்கும் நிலை ஏற்பட்டது. காந்தியடிகளிடம் பணியாற்றிய தமிழ் எழுத்தர் ஒருவரே பாலசுந்தரத்தின் கதையை அவருக்கு விளக்கியவர். முதலாளியை விட்டு நீங்கினால் தொழிலாளிக்குச் சிறை. அதுவே அன்றைய சட்டம். காந்தியடிகள் முயன்று, பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? ஒப்பந்தம் என்ற தாள் இருந்தது, அதிகாரியும் இருந்தார். ஆனால் தாளில் இருப்பதைப் படிக்கத் தொழிலாளிக்குத் தெரியாது. அவன் குறையைக் கேட்க அவனுடைய மொழி அறிந்தவர் அருகில் இல்லை. எழுத்து யாருக்குப் புரிகிறதோ, அவருக்கே அது துணை செய்யும்.

ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்துக் கோகலேயும் மாளவியாவும் சட்டமன்றத்தில் வாதிட்டார்கள். 1917இல் அம்முறையில் ஆள் அனுப்புவது நின்றது. ஆனால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. நம் சேலம் மாவட்டத்திலிருந்தும் பல குடும்பங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் போயின. நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகள் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். இலங்கை செல்வோர் மண்டபம் முகாமில் தங்கி மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த வந்தது. தோட்டங்களில் கூலி குறைந்து, மக்கள் அல்லலுற்றபோது, அச்சட்டத்தின் துணைகொண்டே 1938இல் மலேயாவுக்கும், 1939இல் இலங்கைக்கும் தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு தடுத்தது.

நாடு விடுதலை பெற்றபின் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. அயல்நாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதியே என்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின், அரசு தன் விருப்பம்போல் ஒருவரைத் தடுத்தல் ஆகாது; தடுப்பதாயின் சட்டமும் காரணமும் வேண்டும். இதற்கிடையில் 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் கட்டட வேலைகள் பெருகின. ஆள்சேர்க்கும் முகவர்களும் பெருகினர். பழைய சட்டம் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாக 2019, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் புதிய மசோதா வரைவுகள் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டன. எண்களும் விதிகளும் மாறலாம்; அவற்றின் உட்கருத்தை அறிந்தவர் எந்தச் சட்டத்தையும் எளிதில் புரிந்துகொள்வார்.

அச்சட்டத்தின் இரண்டு தூண்களை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். பதிவுச் சான்று பெறாத எவரும் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது என்பது ஒன்று. இது 10ஆம் பிரிவு. பாதுகாவலரின் அனுமதியின்றி எவரும் வேலைக்காகக் குடிபெயரக் கூடாது என்பது மற்றொன்று. இது 22ஆம் பிரிவு. அனுமதியை மறுக்க அதிகாரி காட்டக்கூடிய காரணங்களையும் சட்டமே வரையறுத்துள்ளது. வேலை நிபந்தனைகள் சுரண்டலாக இருந்தாலோ, வேலை சட்டவிரோதமானதாக இருந்தாலோ, வாழும் இடமும் பணியிடமும் தரக்குறைவாக இருந்தாலோ அவர் மறுக்கலாம். மறுப்பை எதிர்த்து மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு.

இவ்வனுமதி எல்லோருக்கும் வேண்டுவதன்று. பத்தாம் வகுப்பில் தேறியவர், வருமான வரி செலுத்துபவர், ஐம்பது வயது கடந்தவர் முதலியோருக்கு விலக்கு உண்டு. விலக்கில்லாதவரின் கடவுச்சீட்டில் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இடம்பெறும்; குறிப்பு இல்லாதிருப்பதே விலக்குப் பெற்றவருக்கு அடையாளம். அக்குறிப்பு உடையவர் வேலைக்குச் செல்லும்போது அனுமதி பெற வேண்டிய நாடுகள் பதினெட்டு. சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஈராக், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவை அவற்றுட் சில.

அனுமதி எவ்வாறு கிடைக்கிறது? இன்று இவ்வேலைகள் அனைத்தும் 'இ-மைகிரேட்' எனப்படும் அரசின் இணையத்தளம் வழியே நடைபெறுகின்றன. அயல்நாட்டு முதலாளி முதலில் அதில் தன்னைப் பதிந்து, எத்தனை பேர், என்ன வேலை, என்ன ஊதியம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் அதன்படி ஆள் சேர்க்கிறார். பின்னர் வேலை ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைப் பாதுகாவலர் அலுவலகம் சரிபார்க்கிறது. அரசுக் கட்டணம் 200 ரூபாய். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்னும் காப்பீட்டுக்கு இரண்டாண்டுக்கு 275 ரூபாய் தவணை. விபத்தில் உயிரிழந்தாலோ நிலையான ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் ஈடு. முகவர் தம் சேவைக்கு வாங்கத்தக்க உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. அதற்கு இரசீதும் தர வேண்டும். 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் செல்லலாம்.

இவ்வளவு எளிய வழி இருக்க, மக்கள் ஏன் குறுக்கு வழியை நாடுகின்றனர்? பார்வையாளராகச் செல்பவருக்கு இவ்வனுமதி தேவையில்லை என்பதே காரணம். முகவர் ஒருவர் வந்து, "முதலில் பார்வையாளர் விசாவில் போங்கள், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிவிடலாம்" என்கிறார். ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, முதலாளியின் பெயர் நம் அரசின் ஏட்டில் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் தம் மகனுடைய தாள்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மகன் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வளைகுடா நாடு ஒன்றுக்குப் போய் ஏழு மாதம் ஆகியும் ஊதியம் வந்தபாடில்லை. விமானச் சீட்டின் நகல் இருந்தது. பார்வையாளர் விசாவின் நகல் இருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒற்றைத் தாளும் இருந்தது. அதனை இருமுறை படித்தேன். ஊதியம் என்ற சொல்லோ, முதலாளியின் முகவரியோ அதில் ஓரிடத்திலும் இல்லை. முகவர் வாங்கிய ஒன்றரை இலட்சத்துக்கு இரசீதும் இல்லை. "யார்மேல் ஐயா புகார் எழுதுவது?" என்று தந்தை கேட்டார். பையன் பின்னர் நம் தூதரகத்தின் உதவியால் வெறுங்கையோடு ஊர் திரும்பினான். அனுமதியின் பயன் இவ்விடத்தில்தான் விளங்குகிறது. புகார் எழுதுவதற்கு ஒரு பெயரும், ஒரு முகவரியும், ஒரு தொகையும் முன்கூட்டியே ஏட்டில் ஏறுவதே அதன் பெரும்பயன்.

பிறநாடுகள் இதனை எவ்வாறு செய்கின்றன என்று பார்ப்பதும் பயன் தரும். பிலிப்பைன்ஸ் நாடு கடல் கடந்த உழைப்பைப் பெரிதும் நம்பி வாழும் நாடு. அங்கு 1982இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்குத் தனி நிர்வாகம் ஏற்பட்டது. 1995இல் சிங்கப்பூரில் பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண் ஒருவர் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொந்தளித்தது. அவ்வாண்டிலேயே புலம்பெயர் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றினார்கள். 2021இல் இயற்றிய சட்டத்தால் தனி அமைச்சகமே அமைந்தது. அங்குப் பொறியாளராயினும் செவிலியராயினும் வீட்டுப் பணியாளராயினும், வேலைக்காக வெளிநாடு செல்பவர் அரசின் சான்று பெற்று விமான நிலையத்தில் காட்ட வேண்டும். அச்சான்று உள்ளவருக்குப் பயண வரி விலக்கும் உண்டு.

நம் முறைக்கும் அவர்கள் முறைக்கும் உள்ள வேற்றுமையைக் கவனித்தீர்களா? அவர்கள் தொழிலாளர் அனைவரையும் ஏட்டில் பதிகிறார்கள். நாமோ, 'படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார்' என்று கொண்டு, பத்தாம் வகுப்பை எல்லைக்கோடாக வரைந்திருக்கிறோம். நான் தலைமையாசிரியராக இருந்தபோது, பள்ளியை விட்டுப் பல்லாண்டு கழிந்த மாணவர்கள் தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்கு நகல் பெற வழி கேட்டு வருவதுண்டு. எதற்கென்று கேட்டால், "பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். விழாமல் இருக்க" என்பார்கள். அச்சான்றிதழ் ஒரு கதவைத் திறக்கிறது என்பது உண்மை. அக்கதவருகே நின்ற காவலரை அது விலக்கிவிடுகிறது என்பதும் உண்மையே.

படிப்பு மட்டும் காவலாகிவிடுமா? 2022இல் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குச் சென்ற இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தவர்களுள் 13 பேர் தமிழர். கணினி பயின்ற இளைஞர்களைக் குறிவைத்தே அவ்வலை விரிக்கப்பட்டது. அன்றியும், பதினெட்டு நாடுகளுக்கு வெளியே செல்பவருக்கு இ.சி.ஆர். குறிப்பு இருந்தாலும் அனுமதி தேவையில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது எங்கள் திருச்செங்கோடு. அத்தொழில் தெரிந்தவர்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகிறார்கள். அந்நாடுகளுள் லிபியா, சூடான், தென் சூடான் ஆகிய மூன்று மட்டுமே அப்பட்டியலில் உள்ளன.

ஆகவே, அனுமதி தேவைப்படாதவர், அனுமதி அதிகாரி செய்யும் சோதனையைத் தாமே செய்துகொள்ள வேண்டும். முகவரின் பதிவு எண் அரசின் தளத்தில் உள்ளதா? ஒப்பந்தத்தில் முதலாளியின் பெயர், ஊதியம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பிவரும் செலவு ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா? விசா வேலைக்குரியதா, பார்வையாளருக்குரியதா? கொடுத்த பணத்துக்கு இரசீது உண்டா? இந்நான்கு கேள்விகளையும் கேட்டு, தாள்களின் நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். விலக்குப் பெற்றவரும் விரும்பினால் அரசின் தளத்தில் தம்மைப் பதிந்துகொள்ள இடமுண்டு.

அனுமதி தளையா, குடையா என்று தொடக்கத்தில் கேட்டோம். காரணமின்றி மறுத்தால் அது தளை. முப்பது வயது நிறையாத, பள்ளிப் படிப்பு முடிக்காத பெண்கள் இந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்லலாகாது என்னும் விதி, அவர்களுட் சிலரைக் குறுக்கு வழிக்குத் தள்ளுகிறது என்ற குறைகூறலும் சிந்திக்கத்தக்கதே. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்து, முதலாளியைப் பதிந்து, காப்பீட்டைச் சேர்த்து அனுப்பினால் அது குடை.

உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் திணறும் ஒருவர், "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு தாளை நீட்டினால், அதை முழுவதும் படித்து அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள். எழுதியிருப்பதைச் சொல்வதோடு, எழுதாமல் விடப்பட்டிருப்பதையும் சொல்லுங்கள். பாலசுந்தரத்துக்கு அன்று ஒரு தமிழ் எழுத்தர் செய்த உதவி அத்தகையதே. பள்ளியில் பெற்ற கல்விக்கு அதனினும் நல்ல பயன் வேறில்லை.