சொந்தச் செலவில் ஒரு நாவல்

ஆம்பூர்ப் பாதரட்சைத் தொழிற்சாலையில் ஒரு ஜோடி இனாமாகக் கேட்க எவரும் துணியார். நாவலாசிரியனிடமோ, "நமக்கொரு பிரதி இல்லையா?" என்று கூசாமல் கேட்கிறோம். சொந்தச் செலவில் பிரசுரித்தவனுக்குக் காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங் யாவும் தலைச்சுமை. விற்காத பிரதிகள் வீட்டுப் பரணுக்குப் பாரம்.

தேங்காப்பட்டணத்தில் பிறந்து மிளகாய் வியாபாரம் செய்த தோப்பில் முகமது மீரான், தம் முதல் நாவலாகிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988-ல் தாமே பிரசுரித்தார். 1997-ல் 'சாய்வு நாற்காலி' அவருக்குச் சாகித்திய அகாடமி பரிசைத் தந்தது. முதற்படியில் அவர் தயங்கியிருந்தால் நஷ்டம் தமிழுக்கே அன்றோ?

பேர்ணாம்பட்டு, வாணியம்பாடித் தோல் தொட்டிகளில் உழைப்போரின் கதையை அச்சிட்டு ஓர் இளைஞன் நாளை நம் வாயிலுக்கு வரலாம். அவனுக்குப் புகழுரை வேண்டா; விலை கொடுத்து ஒரு பிரதி வாங்குவோம். பாஷாபிமானம் என்பது அதுவே.