வாளை உறையிலிட்டவர்கள்



கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவிய வேளையில், அதை உறையில் போடுமாறு ஆண்டவர் பணித்ததை ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று கேட்கின்றோம். வெட்டுண்ட காதை அவர் குணமாக்கினார் என்பதையும் லூக்கா எழுதிவைத்துள்ளார் (22:51). இந்தக் கட்டளையை ஆதித் திருச்சபை கைக்கொண்டதா? உரோமைப் பேரரசின் கீழ் வாழ்ந்த முதற் கிறிஸ்தவர்கள் வன்முறையை மனமார விலக்கியவர்களா, அல்லது எதிர்க்க வலுவின்றி அடங்கிக் கிடந்தவர்களா? போரின் வடுக்களைச் சுமந்து வாழும் தீவகத்துக் குடும்பங்களுக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வியன்று.

கி.பி. 66 இல் யூதர்கள் உரோமைக்கெதிராக ஆயுதமேந்தினர். எருசலேம் கிறிஸ்தவர்களோ அப்போரில் சேராது யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா நகருக்குச் சென்றனர் என்று வரலாற்றாசிரியர் யூசேபியஸ் கூறுகின்றார். 64 இல் நீரோ தொடங்கிய கொடுமை முதல் 303 இல் தியோக்கிளேசியன் மூட்டிய பெரும் வேதகலாபனை வரை, பேரரசின் குடிகளாயிருந்த கிறிஸ்தவர்கள் அதற்கெதிராகப் படை திரட்டியதற்குச் சான்றில்லை. எல்லோரும் கிறிஸ்தவர்களைப் போலானால் பேரரசனைக் காப்பவர் யார் என்று கெல்சுஸ் என்னும் அறிஞர் குறைகூறினார். அதற்கு ஏறக்குறைய 248 இல் மறுமொழி எழுதிய ஒரிஜன், நாங்கள் செபத்தினால் போராடுகின்றோம் என்ற கருத்தை முன்வைத்தார். 295 இல் வட ஆபிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞர், கிறிஸ்தவனாகிய தம்மால் படையில் சேர இயலாது என்று மறுத்துத் தலைவெட்டுண்டு மறைசாட்சியானார்.

ஆயினும் உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். அதே மாக்சிமிலியனிடம், அரசரின் படையில் கிறிஸ்தவர்களும் பணிசெய்கின்றார்களே என்று ஆளுநர் நினைவூட்டினார். அது பொய்யன்று. நூற்றுவர் தலைவர் கொர்னேலியு திருமுழுக்குப் பெற்றபோது படையை விட்டு விலகும்படி அவரிடம் கேட்கப்பட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறவில்லை. சிலர் படைப்பணியை மறுத்ததற்கு அங்கு நடந்த சிலைவழிபாடும் ஒரு காரணம். 313 இல் சுதந்திரம் கிடைத்தபின் நிலைமை மேலும் மாறியது. நீதியான போருக்குரிய நிபந்தனைகளைப் புனித அகுஸ்தீனார் ஆராய்ந்தார். ஆகவே ஆதித் திருச்சபை இதில் ஒரே குரலில் பேசியது என்று கூறமுடியாது. ஆனால் விசுவாசத்தைக் காக்கக் கொலை செய்யலாம் என்று முதல் மூன்று நூற்றாண்டுகளின் திருச்சபைத் தந்தையர் போதிக்கவில்லை.

அவர்கள் வாய்மூடி இருக்கவுமில்லை. சிலைகளுக்குத் தூபமிட மறுத்தார்கள். ஆளுநர் முன் நின்று முடியாது என்றார்கள். புனித யுஸ்தீன் பேரரசனுக்கே முறையீடு எழுதினார். வாளை விலக்கியவர்கள் உண்மையை விலக்கவில்லை என்பதை நீங்கள் கருத்தில் கொள்ளுங்கள்.

நமது மண்ணும் இச்சோதனையைக் கண்டது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை விதித்தனர். அந்த இருளில், 1687 இல், பிச்சைக்காரரின் கோலத்தில் வந்தார் யோசேப்வாஸ் அடிகளார். ஏழை விசுவாசிகள் உயிராபத்தைப் பொருட்படுத்தாது அவரை மறைத்துக் காத்தார்கள். பின்னர் கண்டி அரசன் அவரைச் சிறையிலிட்டான். அதே கண்டியில் 1697 இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச்சென்று தம் கைகளாலேயே பராமரித்தார். 2015 இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

தீவகத்தின் காயம் இதைவிட அண்மையது. 2006 ஓகஸ்ட் 13 ஆம் திகதி, மோதல் மூண்டிருந்த வேளையில், அல்லைப்பிட்டி புனித பிலிப் நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். அப்பங்கின் குருவான நிகால் ஜிம்பிறவுண் அடிகளார் காயமுற்றோருக்காகவும் இடம்பெயர்ந்தோருக்காகவும் உழைத்தார். ஒரு வாரத்தின் பின், ஓகஸ்ட் 20 ஆம் திகதி, மீண்டும் அல்லைப்பிட்டிக்குச் சென்ற அவரும் உடன்சென்ற ஒருவரும் காணாமற்போயினர். அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பது இன்றுவரை வெளிப்படுத்தப்படவில்லை.

அந்த ஆலயத்தில் மாண்டவர்கள் மாக்சிமிலியனைப் போல மரணத்தைத் தெரிந்துகொண்டவர்களல்லர். அவர்கள் வாழ விரும்பியே ஆலயத்தைத் தேடினார்கள். எனவே அவர்களது சாவைத் தியாகம் என்று அழகுபடுத்தி நாம் அமைதியடைந்துவிடலாகாது. ஆபத்தை அறிந்தும் தம் மக்களின் ஊருக்குத் திரும்பிச் சென்ற அந்த இளங்குருவின் வழியோ ஆதித் திருச்சபையின் வழி: கையில் ஆயுதமில்லை, காலில் தயக்கமுமில்லை.

அன்பர்களே, வன்முறையை விலக்குதல் என்பது அநீதியை மறத்தலன்று. காணாமற்போனவரைத் தேடி, கையில் ஒரு நிழற்படத்துடன் வீதியோரத்தில் நிற்கும் தாய் எவரையும் தாக்கவில்லை. எனினும் அவர் கேட்பதை நிறுத்துவதுமில்லை. இவ்வாரம் உங்கள் இல்லத்துச் செபமாலையில் அத்தகைய தாய்மாரை நினைவுகூருங்கள். உங்கள் ஊரில் அவர்களில் ஒருவர் இருந்தால், அவரது வீட்டுக்குச் சென்று சிறிது நேரம் உடனிருந்து வாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். பகையை ஊட்டாமல் சொல்லுங்கள். வாளை உறையிலிடச் சொன்ன ஆண்டவர், காயத்தைத் தொட்டுக் குணமாக்கவும் செய்தார். அவ்விரண்டையும் சேர்த்தே நமக்குக் கற்பித்தார்.