ஹோம் தியேட்டர் ரிசீவர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

ஹோம் தியேட்டர் ரிசீவர் வெளியே ஒரு பெட்டிதான். உள்ளே பல சாதனங்கள். பவர் சப்ளை, ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர், டால்பி, டிடிஎஸ் ஒலியைப் பிரிக்கும் டிஜிட்டல் போர்டு, டி.வி.யோடு பேசும் எச்.டி.எம்.ஐ. போர்டு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. இருபது ஆண்டு தாங்கக்கூடிய ஆம்ப்ளிஃபையர் இருக்கும் பெட்டியில், எச்.டி.எம்.ஐ. போர்டு பத்தாண்டுக்குள் செயலிழக்கலாம். ஆனால் மெக்கானிக் “போர்டு போச்சு” என்றதும், எந்த போர்டு என்றுகூடக் கேட்காமல் நல்ல ஆம்ப்ளிஃபையரைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களே அதிகம்.

ஆகவே பழுது எந்தப் பகுதியில் என்று முதலில் தெரிய வேண்டும். வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. பெட்டி ‘புரொடெக்ட்’ என்று காட்டி அணைந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றி மறுபடி இயக்க வேண்டும். இப்போது அணையாமல் ஓடினால் கோளாறு ஒயரிலோ ஸ்பீக்கரிலோதான். பின்பக்க முனையில் ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலே இப்படி ஆகும். ஒயர் இல்லாமலும் அணைந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் அல்லது பவர் சப்ளை பக்கம் சந்தேகப்படலாம். ஒரு பக்கச் சத்தம் விட்டுவிட்டு வந்து, வால்யூமைக் கூட்டினால் சரியாகிறது என்றால் பெரும்பாலும் ரிலேயில் கரி அல்லது விட்டுப்போன சால்டர். தொடர்ந்து ‘ம்ம்’ என்ற இரைச்சல் எல்லா இணைப்பையும் கழற்றிய பிறகும் நிற்காவிட்டால் கண்டென்சர் உலர்ந்திருக்கலாம். இவை பெரும்பாலும் செலவு குறைந்த வேலைகள்.

படம் வராமல் போனால் வேறொரு எச்.டி.எம்.ஐ. கேபிளும் வேறொரு போர்ட்டும் முயன்று பார்க்க வேண்டும். ஃபேக்டரி ரீசெட்டும் செய்து பார்க்க வேண்டும். எதற்கும் மசியாவிட்டால் எச்.டி.எம்.ஐ. போர்டு போயிருக்க வாய்ப்பு அதிகம். இடி மின்னலின்போது கேபிள் டி.வி. ஒயர் வழியாக அடி வாங்குவது இந்த போர்டுதான். அப்போதும் பெட்டி வீணல்ல. செட்டாப் பாக்ஸையும் பிளேயரையும் நேராக டி.வி.யில் செருகி, டி.வி.யின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவருக்கு ஒரு கேபிள் இழுத்தால் பல டி.வி.களில் 5.1 ஒலி கிடைக்கும். டால்பி ட்ரூஎச்டி போன்றவை இந்த வழியில் வராது, அட்மாஸும் வராது. அவை வேண்டாதவருக்கு இது சில நூறு ரூபாயில் முடியும் காரியம்.

ஓர் எச்சரிக்கை: மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது தீயை வீட்டுக்குள் அழைப்பது.

அடுத்தது கணக்கு. பழுதுச் செலவு, அதே வசதியுள்ள புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் பழுது பார்ப்பதே லாபம். கண்டென்சர், ரிலே, டிரான்சிஸ்டர் பொதுச் சந்தையில் கிடைப்பவை; சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் அகப்படும். டிஜிட்டல், எச்.டி.எம்.ஐ. போர்டுகள் அந்தந்த மாடலுக்கே உரியவை. கம்பெனி கைவிட்டால் கிடைப்பது கடினம். ஆன்கியோ போன்ற பெயர்பெற்ற நிறுவனமே 2022-இல் திவாலானது. பெட்டி நன்றாக இருந்தும் தேவை மாறியிருந்தால் அது வேறு கதை: எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்பு முறை இல்லாத பழைய ரிசீவர் வழியாகப் பாதுகாப்பிட்ட 4கே படம் போகாது. 2017-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.1-இன், டி.வி. ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் இஆர்க் வசதியும் அதில் இருக்காது.

பழுதுக்குக் கொடுக்கும்போது செய்யும் அலட்சியம்தான் பெரிய நஷ்டம். ஜாப் ஷீட் இல்லாமல் பெட்டியைக் கொடுக்கவே கூடாது. அதில் மாடல் எண், சீரியல் எண், சொல்லப்பட்ட கோளாறு, கூடக் கொடுத்த ரிமோட் முதலியவை, தேதி, கடை முத்திரை, கையெழுத்து இருக்க வேண்டும். கொடுக்கும் முன் நான்கு பக்கமும் பின்பக்க சீரியல் எண்ணும் தெரிய போட்டோ எடுக்க வேண்டும். எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும். எந்த பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். பழுது பார்க்க முடியாவிட்டால் செக்கிங் சார்ஜ் எவ்வளவு என்பதையும் முன்னரே எழுதி வாங்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். முன்பணத்துக்கும் ரசீது வேண்டும். “தெரிந்த கடைதானே” என்று துண்டுச் சீட்டோடு திரும்புகிறவர், ஆறு மாதம் கழித்து எந்த நுகர்வோர் ஆணையத்திலும் காட்ட ஏதுமின்றி நிற்பார்.

பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. சரியாகப் பழுது பார்க்காதது, பெட்டியைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு. வழி இது:

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் ஜாப் ஷீட் எண்ணோடு மின்னஞ்சலும் டெலிவரிச் சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பி, 15 நாள் கெடு கொடுக்கலாம். தொலைபேசியில் போட்ட சண்டைக்குச் சாட்சி இல்லை.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவர்கள் கம்பெனியிடம் எடுத்துச் சொல்வார்கள். உத்தரவு போட முடியாது. ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மனுவோடு பில், ஜாப் ஷீட், எஸ்டிமேட், பணம் செலுத்திய சான்று, கடிதங்கள், போட்டோக்கள், உறுதிமொழிப் பத்திரம் சேர்க்க வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவையுள்ளதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாங்கிப் பழகிய நடைமுறை அதைப் பொருட்படுத்துவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022-இல் ஓர் இணையதளம் திறந்தது. சர்வீஸ் விவரம் தேட உதவும், பாகம் தராத கம்பெனியைத் தண்டிக்க உதவாது.

புதிது வாங்குவதென்று முடிவானால் இந்திய வாரண்டி உள்ளதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிக்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி செல்லாது. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் பழுதுச் செலவோடுதான் தொடக்கம். சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் கட்டாயம். ஜாப் ஷீட்டுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்: காகிதம் இல்லையேல் உரிமை இல்லை.

கழிக்கும் பெட்டி மின்னணுக் கழிவு. அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ கம்பெனியின் சேகரிப்பு மையத்திலோதான் சேர்க்க வேண்டும். ஒப்படைக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்து, அதில் பதிந்துள்ள வைஃபை கடவுச்சொல்லையும் பாட்டுச் செயலிக் கணக்குகளையும் அழித்துவிட வேண்டும்.