ஒருவருக்கொருவர் புத்தி சொல்வது எப்படி?

"அவனைக் கூப்பிட்டுக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று நம் வீடுகளில் சொல்வோம். சொல்பவர் மூத்தவர். கேட்பவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பவர். புத்தி என்பது மேலிருந்து கீழேதான் வரும். அதனால்தான் பழைய தமிழ் வேதாகமத்தில் எபிரெயர் 3:13-ஐ வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் இடறும். விசுவாசிகள் தினமும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எப்படிச் சொல்லிக்கொள்வது? சண்டைதானே வரும்!

அங்கே கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல் 'பரக்கலேயோ'. 'அருகே', 'அழை' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. வேர்ச்சொல்லைப் பிரித்துப் பார்த்தே பொருள் சொல்லிவிடுவது ஆபத்தான பழக்கம், பிரசங்கங்களில் நிறையவே நடக்கிறது. எனவே, நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல் குடும்பத்தை இடத்துக்கு இடம் எப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். யோவான் 14:16-ல் 'தேற்றரவாளன்'. அப்போஸ்தலர் 4:36-ல் 'ஆறுதல்'. எபிரெயர் 13:22 இன்னும் சுவாரசியம். ஒரே வசனத்தில் இரண்டு முறை வருகிறது. ஒரு முறை 'வேண்டிக்கொள்ளுதல்', இன்னொரு முறை 'புத்திமதி'. ஆக, தேற்றுவது, கெஞ்சிக் கேட்பது, எச்சரிப்பது, தட்டிக்கொடுப்பது எல்லாமே இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். 'புத்தி சொல்லுதல்' தப்பில்லை. ஆனால் அந்த வீட்டின் ஒரு வாசல் மட்டும்தான் அது.

இந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். இவர்கள் புது விசுவாசிகள் இல்லை. இந்நேரம் மற்றவர்களுக்குப் போதிக்கிற நிலையில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்கிறது 5-ஆம் அதிகாரம். 10-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைப் பாருங்கள்: ஆரம்ப நாட்களில் பலர் முன்பாக அவமானப்பட்டவர்கள், சொத்துக்களைப் பறிகொடுத்தவர்கள், சிறையில் இருந்தவர்களின் துன்பத்தில் பங்கெடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள்தான் இப்போது சோர்ந்துபோய்விட்டார்கள். 2:1-ல் வரும் வினைச்சொல்லுக்கு நீரோட்டத்தோடு நழுவிப் போவது என்று பொருள். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போவது வேறு, இது வேறு. ஒரு வாரம் வரவில்லை, அப்புறம் ஒரு மாதம். கேட்டால் "வேலை ஜாஸ்தி". இப்படி நழுவுகிறவருக்குத் தான் நழுவுவது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

அதனால்தான் 3:13-ல் கட்டளை பன்மையில் இருக்கிறது, கவலையோ ஒருமையில்: உங்களில் ஒருவன்கூடக் கடினப்பட்டுவிடக் கூடாது. 12:15-லும் இதே அமைப்புதான். ஒருவனும் கிருபையை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும்படி எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. அங்கே உள்ள கிரேக்க வினை, 'எபிஸ்கொப்போஸ்' என்ற பதவிப் பெயரின் உறவுக்காரன். பிஷப் என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது. 1 தீமோத்தேயு 3-ல் பழைய மொழிபெயர்ப்பு அதைக் 'கண்காணி' என்கிறது. (தேயிலைத் தோட்டத்துக் கண்காணி ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.) போதகருக்கு மட்டும் உரிய வேலை என்று நாம் ஒதுக்கி வைத்ததை இந்த நிருபம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கையிலும் கொடுக்கிறது.

சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்ற 10:25-ஐ நாம் பெரும்பாலும் வராதவர்கள்மேல் வீசும் கல்லாகத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்கு எதிர்ப்பதமாக அந்த வசனம் வைப்பது 'தவறாமல் வருவது' அல்ல, மறுபடியும் அதே பரக்கலேயோதான். வாரம் தவறாமல் வந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போகிறவரும் அந்த வசனத்தில் பாதியைத்தான் செய்கிறார் என்பது என் எண்ணம்.

அதற்கு முந்தைய வசனத்தில் ஒரு விநோதமான சொல் இருக்கிறது: 'பரொக்சிஸ்மோஸ்'. கிரேக்க வைத்தியர்கள் காய்ச்சல் உச்சத்துக்கு ஏறுவதை இப்படிச் சொல்வார்கள். உசுப்பிவிடுதல், சீண்டுதல் என்று வைத்துக்கொள்ளலாம். அன்புக்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் உசுப்பிவிட வேண்டும் என்கிறார் ஆசிரியர். ஆனால் அதற்கு முன்னால் 'கவனித்து' என்ற சொல் நிற்கிறது, அதன் செயப்படுபொருள் 'ஒருவரையொருவர்'. முதலில் ஆளைப் பார்க்கணும், அப்புறம்தான் பேச்சு. வேலை போனவருக்கும், குழந்தையைப் பறிகொடுத்தவருக்கும், சந்தேகத்தில் உழல்பவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே வசனப் படத்தை அனுப்புவது இந்தக் கணக்கில் சேராது.

பரொக்சிஸ்மோஸ் புதிய ஏற்பாட்டில் மொத்தம் இரண்டே இடங்களில்தான் வருகிறது. இன்னொன்று அப்போஸ்தலர் 15:39. தமிழில் 'கடுங்கோபம்'. பவுலுக்கும் பர்னபாவுக்கும் நடந்த சண்டை அது. முதல் ஊழியப் பயணத்தில் பெர்கே பட்டணத்திலிருந்தே எருசலேமுக்குத் திரும்பிப்போய்விட்டான் மாற்கு என்னும் யோவான். காரணம் சொல்லப்படவில்லை. அடுத்த பயணத்துக்கு அவனையும் கூட்டிப் போகலாம் என்றார் பர்னபா. பாதியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் பவுல். பவுல் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. கடைசியில் ஆளுக்கொரு திசையில் பிரிந்தார்கள். பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியா பக்கம் போனார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார்.

இந்தப் பர்னபாவின் நிஜப் பெயர் யோசே. 'பர்னபா' என்பது அப்போஸ்தலர்கள் வைத்த பட்டப்பெயர். அதற்கு 4:36 தரும் அர்த்தம் 'ஆறுதலின் மகன்', அதாவது பரக்கலேயோ குடும்பத்துச் சொல்தான். எல்லோரும் பயந்து ஒதுக்கிய சவுலை எருசலேமில் அப்போஸ்தலர்களிடம் அழைத்துப் போனவரும் இவரே, பிறகு தர்சுவரை தேடிப்போய் அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தவரும் இவரே. அன்று கைபிடித்துத் தூக்கிவிடப்பட்டவர்தான் இன்று மாற்கு வேண்டாம் என்கிறார்! எபிரெயர் நிருபத்தை எழுதியவர் பர்னபா என்று கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் நம்பினார். ஆசிரியர் யார் என்பது இன்றுவரை முடிவாகாத விஷயம். ஆனாலும் தெர்த்துல்லியன் சொன்னது நன்றாகப் பொருந்துகிறதே என்று எனக்கு ஒரு ஆசை.

சீப்புருவில் மாற்குவிடம் பர்னபா என்ன சொன்னார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. கொலோசெயர் நிருபத்தின் கடைசியில் மாற்குவின் பெயர் வருகிறது: அவன் உங்களிடம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற குறிப்போடு. பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் உடன்வேலையாட்களில் ஒருவனாக நிற்கிறான். அப்புறம் இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசி அதிகாரம். சிறையில் பவுல், பலரும் போய்விட்டார்கள், லூக்கா மட்டும் கூட இருக்கிறார். துரோவாவில் விட்டு வந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்து வரச் சொல்கிறார். அதற்கும் முன்னால் இன்னொன்று கேட்கிறார்: வரும்போது மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்கு அவன் பிரயோஜனமானவன் என்று.