‘சார்... கேக்குதா சார்?’

வைவான்னாலே வயித்துல புளியைக் கரைக்கும். அதுவும் ஆன்லைன் வைவான்னா..? பதில் தெரிஞ்சும் அது எதிர்ப்பக்கம் போய்ச் சேராத கொடுமை இருக்கே... அனுபவிச்சவ சொல்றேன், கேளுங்க!

எங்க ஊர் தேவிகாபுரம். ஆரணிப் பக்கம் பட்டு நெசவு ஊர். தெருவுல நடந்தா தறிச் சத்தம்தான். போன செமஸ்டர் இன்டர்ன்ஷிப் வைவாவை ஆன்லைன்ல வெச்சாங்க. என் குரலுக்குப் பின்னாடி ‘டக்... டக்’னு கேக்கக் கூடாதேன்னு அப்பா தறியை நிறுத்திட்டு திண்ணையில போய் உக்காந்துட்டார். சார் முதல் கேள்வியைக் கேட்டார். கடகடன்னு பதில் சொல்லி முடிச்சு பெருமையா நிமிர்ந்தா... ஸ்க்ரீன்ல சார் சிலை மாதிரி நிக்கிறார். கரன்ட் கட்! லேப்டாப் பேட்டரியில ஓடினதால, மோடம் அணைஞ்சதே எனக்குத் தெரியல.

நாலு நிமிஷம் கழிச்சு, செல்போன் நெட்டுல உள்ளே போனேன். ‘‘கேள்வி கேட்டதும் காணாமப் போயிட்டியேம்மா?’’ன்னார். ‘‘கரன்ட் போச்சு சார்...’’ ‘‘எல்லாரும் இதையேதான் சொல்றீங்க!’’ சுருக்குனு குத்திச்சு. ஆனா, அவர் மேல கோபப்படவும் முடியல. பதில் தெரியாதப்போ ‘நெட் கட்’னு எஸ்கேப் ஆகுற ஆளுங்க நம்ம கூட்டத்துலயும் இருக்காங்களே!

இந்தக் கூத்து கொரோனா காலத்துல பெருசா ஆரம்பிச்சது. 2020 மார்ச்ல ஊரடங்கு. ஏப்ரல் 29-ம் தேதி யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டுதல்ல, வீடியோ கான்ஃபரன்ஸ் மூலமா வைவா நடத்தலாம்னு சொன்னாங்க. 2021 ஜனவரியில, அப்போதைய தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு அறிவிச்சது. டேட்டா சரி... டவரும் கரன்ட்டும் கிராமத்துக்கு வரணுமே! ஊரடங்கு போயிடுச்சு, ஆன்லைன் வைவா மட்டும் அங்கங்கே தொடருது. அதனால, பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட டிப்ஸ் இதோ...

முதல் நாளே கேளுங்க: லைன் கட்டானா எத்தனை நிமிஷம் காத்திருப்பாங்க, எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? டிபார்ட்மென்ட்ல மெயில் போட்டுக் கேட்டு வெச்சுக்குங்க. பி.பி.டி.யை பி.டி.எஃப். ஆக்கி முன்கூட்டியே அனுப்பிடுங்க. ஸ்க்ரீன் ஷேர் மக்கர் பண்ணினாலும் சார் கையில ஃபைல் இருக்கும்.

ஹாட்ஸ்பாட் ரெடியா? போனை யு.எஸ்.பி. கேபிள்ல மாட்டி நெட் எடுங்க. லைனும் நிலையா இருக்கும், சார்ஜும் ஏறும். ரெண்டாவது சிம்மை ஆஃப் பண்ணிடுங்க. நிறைய போன்கள்ல அதுக்குக் கால் வந்தா நெட் நின்னுடும். ‘லோன் வேணுமா’ன்னு வர்ற ஒரு கால் உங்க மார்க்கைக் காலி பண்ணிடும், ஜாக்கிரதை!

வீடியோவைத் தியாகம் பண்ணுங்க: ஜூம்ல ரெண்டு பேர் தெளிவா முகம் பாத்துப் பேச சுமார் 600 கே.பி.பி.எஸ். வேகம் வேணும். குரல் மட்டும்னா 60-லிருந்து 80 போதும்! அதனால குரல் விட்டு விட்டுக் கேட்டா, ‘‘வீடியோவை ஆஃப் பண்ணிக்கட்டுமா சார்?’’னு அனுமதி கேட்டுட்டு அணைங்க. கேக்காம அணைச்சா சந்தேகம்தான் வரும்.

எக்கோ அடிக்குதா? ஒரே ரூம்ல லேப்டாப், போன் ரெண்டுலயும் மீட்டிங்கைத் திறந்து வெச்சிருப்பீங்க. ஒண்ணை மூடுங்க. ஹெட்செட் போட்டா பாதிப் பிரச்னை தீரும்.

மூச்சு விட்டுப் பேசுங்க: மூணு நிமிஷம் ஒரேயடியா பேசாதீங்க. ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, ‘‘கேக்குதா சார்?’’ இதைச் செய்யாமதான் நான் சிலைகிட்ட பேசிட்டு இருந்தேன்!

கட் ஆயிடுச்சா? முதல் நிமிஷத்துலயே போன் பண்ணுங்க, இல்லேன்னா மெசேஜ் போடுங்க. உள்ளே வந்ததும் மன்னிப்புப் புராணம் வேணாம். ‘‘கேள்வி இதுதான் சார், இதுவரைக்கும் சொன்னேன், தொடரட்டுமா?’’ போதும். நான் பதற்றத்துல நாலு நிமிஷம் மௌனமா இருந்தேன். அந்த மௌனம்தான் சாருக்கு ‘பதில் தெரியல’ன்னு கேட்டிருக்கு.

அப்புறம் என்னாச்சு? சார் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். கூடவே ரெண்டு கேள்வி எக்ஸ்ட்ரா! மூணுக்கும் பதில் சொன்னேன். பாஸ்!

ராத்திரி அப்பாகிட்ட புலம்பினேன். ‘‘இழை அறுந்தா உடனே தறியை நிறுத்தி முடி போடணும்மா. அறுந்ததைக் காட்டிக்காம நெய்ஞ்சா புடவையே வீணாயிடும்’’னுட்டு தறிக்குப் போயிட்டார். எனக்காக நிறுத்தின நேரத்தை அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஈடு கட்டினார்.

அதனால ஃப்ரெண்ட்ஸ்... பதில் தெரியலைன்னா, ‘தெரியல சார்’னு சொல்லிடுங்க. ஒரு கேள்வி மார்க்தான் போகும். நீங்க சொல்ற ஒவ்வொரு பொய் ‘நெட் கட்’டுக்கும், எங்கேயோ ஒரு கிராமத்துல நிஜமாவே கரன்ட் போன ஒருத்தர் தண்டனை அனுபவிப்பார்.

ஆல் தி பெஸ்ட்... கேக்குதா?