ஒலியும் பொருளும்: திருமெய்யத்தை முன்னிட்டு ஒரு விசாரம்

மந்த்ரத்துக்குச் சக்தி சப்தத்தாலா, அர்த்தத்தாலா என்னும் கேள்வி மிகப் பழையது. உபய வேதாந்திகளான நமக்கோ அது இரட்டிப்பாக எழும். வடமொழி மறைக்குச் சொல்லும் நியாயம் திராவிட வேதத்துக்கும் செல்லுமா என்பதையும் நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சப்தபக்ஷத்தார் முதலில் எடுப்பது த்வஷ்டாவின் கதை. இந்த்ரனைக் கொல்லும் புத்ரனை விரும்பி வேள்வி செய்தவன், 'இந்த்ரசத்ரு' என்னும் சொல்லை ஸ்வரம் பிறழ உச்சரித்தான். இந்த்ரனைக் கொல்பவன் என்று கருதியது, இந்த்ரனால் கொல்லப்படுபவன் என்று முடிந்தது, வ்ருத்ரன் மாண்டான். வ்யாகரணம் கற்பதன் ப்ரயோஜனத்தைக் கூறுமிடத்துப் பதஞ்சலியும் இதனைக் காட்டினார். ஆயினும் ஊன்றிப் பார்த்தால், இது சப்தபக்ஷத்தை முழுதும் நிலைநாட்டவில்லை. ஸ்வரம் மாறியதால் ஸமாஸம் மாறிற்று. ஸமாஸம் மாறியதால் பொருள் மாறிற்று. பொருளைச் சுமந்து நின்றபடியாலன்றோ அவ்வொலிக்கு அத்தனை வலிமை!

வெற்றொலி என்னாகும் என்பதற்கு நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே ஒரு சான்று உண்டு. குடுமியான்மலைப் பாறையில், 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு பல்லவ க்ரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக உள்ளது. மாணாக்கர் நன்மைக்காகவே ஓர் அரசன் அதனை வெட்டுவித்தான். எழுத்து அழியவில்லை. ஆனால் ஸ்வரங்களின் மேலிட்ட புள்ளிகளின் கருத்து யாது என்பதில் இன்றும் அறிஞர்க்குள் ஒற்றுமை இல்லை. கல் காத்தது எழுத்தை. ஓதுவிக்கும் வாயைக் கல்லால் காக்க முடியவில்லை.

இனி அதே சீமையிலுள்ள திருமெய்யத்துக்கு வருவோம். ஸத்யமூர்த்தி நின்ற திருக்கோலத்திலும், மெய்யர் குடைவரையில் பள்ளிகொண்ட திருக்கோலத்திலும் ஸேவை சாதிக்கும் இத்தலத்துக்குத் தனிப்பதிகம் இல்லை. திருமங்கையாழ்வார் பிற தலங்களைப் பாடும்போது இடையிடையே நினைத்தருளியதே இதன் மங்களாசாஸனம். அவ்வளவிலேயே இது திவ்யதேசமாயிற்று. அவ்வாழ்வார் திருவஷ்டாக்ஷரம் பெற்றது எம்பெருமானிடமே. அதுவோ வடமொழி மந்த்ரம். பெற்றவர் அதனை வடமொழியில் விரிக்கவில்லை. பெரிய திருமொழியின் முதற்பதிகம் முழுவதையும் நாராயண நாமத்துக்கே ஆக்கித் தமிழாகப் பெருக்கினார். மந்த்ரத்தின் பொருள் மொழி மாறியும் சக்தி குன்றவில்லை என்பதற்கு இதைவிட வேறு ப்ரமாணம் வேண்டுமோ?

திருமெய்யத்துக்கு அண்மையிலுள்ள திருக்கோட்டியூருக்கு எம்பெருமானார் பதினெட்டு முறை நடந்ததும் எழுத்துக்களுக்காக அன்று. நம்பியிடம் ரஹஸ்யார்த்தத்தைப் பெறவே. பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் ப்ரணவத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் உரைத்ததும் இவ்வழியே. புறப்பாட்டில் அருளிச்செயல் கோஷ்டி பெருமாளுக்கு முன்னும் வேத கோஷ்டி பின்னும் செல்லும் முறையை யாவரும் அறிவர். தமிழைத் தொடர்ந்து அவன் செல்கிறான், அவனைத் தேடி மறை செல்கிறது என்று பெரியோர் ரஸோக்தியாகப் பணிப்பர்.

அப்படியாயின் பாசுரத்துக்கு உச்சரிப்பு வேண்டா என்பார் உளர். அடியேன் இதற்கு இசையேன். இன்று ஆங்கில எழுத்தில் பெயர்த்த பாசுரங்களைக் கைபேசியில் பார்த்து ஓதுவோர் பெருகியுள்ளனர். தமிழ் எழுத்தறியாத வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அது ஓர் உபகாரமே; குறை சொல்வதற்கில்லை. ஆனால் லகர ளகர ழகரங்கள் அங்கே ஒன்றாகிவிடுவதுண்டு. 'அளி' என்பது அருள். 'அழி' என்பது கேடு. அருளை வேண்டும் வாய் கேட்டை வேண்டினால், த்வஷ்டாவின் கதை தமிழிலும் நேர்ந்ததாகும். வாத்ஸல்யமே வடிவான எம்பெருமான் அதற்காகத் தண்டியான், மழலையாகவே கொள்வான். இழப்பு அவனுக்கன்று, பொருளின் அநுபவத்தை இழக்கும் நமக்கே.

ஆகையால் ஏட்டை ஒதுக்க வேண்டா. அதனோடு சந்தையையும் விடாதிருக்க வேண்டும். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கன் இருமுறை திருப்பிச் சொல்லும் அம்முறையில் ழகரம் செவி வழியே நாவிற்கு ஏறும். பிழை நேர்ந்த அந்த நொடியிலேயே திருத்தமும் கிடைக்கும். பாடம் ஏறியபின் அதே வாயால் வ்யாக்யானத்தையும் கேட்கலாம்.